ஒரிஜினல் தம்புசாமி

மணி மூன்றே கால். நாலு மணிக்கு ரயிலைக் கிளப்பியாக வேண்டும். தம்புசாமியின் லேப்டாப்போ, ‘இது அசல் பிரதிதானா?’ என்று நான்காவது முறையாக அவரையே கேட்டது.

யாரைப் பார்த்து என்ன கேள்வி! தம்புசாமி ஓய்வுபெற்ற அமலாக்க அதிகாரி. ஒரு காலத்தில் கிள்ளான் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கள்ள டிஸ்க் விற்றவர்கள் அவர் தலையைக் கண்டாலே கடையைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். பிடித்ததையெல்லாம் நடுரோட்டில் கொட்டி, ரோட் ரோலரை ஏற்றி நொறுக்கிய மனிதர். வீட்டில் கள்ளச் சரக்கென்று ஒரு பாட்டுகூடக் கிடையாது.

ரயில் ஓட்டும் அந்த விளையாட்டையும் முழு விலை கொடுத்துத்தான் வாங்கியிருந்தார். பெர்த்தில் வேலை பார்க்கும் மகள் விஷ்ணுப்ரியா ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அதில் வந்து சேர்ந்துகொள்வாள். அப்பா டிரைவர், மகள் கார்டு. போனில் பேசினால் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்பதோடு சரி. ரயில் ஓடும்போதுதான் அவள் மனம்விட்டுப் பேசுவாள். இந்த ஞாயிறு ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

நேற்று பங்சாரில் ஒரு கடையில் லேப்டாப்புக்குப் புது மெமரி போட்டதுதான் வினை. விளையாட்டு அதை வேறு கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டது.

“சீரியல் நம்பர திரும்பப் போட்டுப் பாருங்க,” என்றாள் மனைவி உஷாராணி.

மூன்று முறை போட்டார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் என்று அது கணக்கு வைத்துக்கொண்டது.

“அப்ப என்னோட லேப்டாப்ல போடுங்க லா.”

போட்டார். ‘அளவுக்கு மேல் கம்ப்யூட்டர்கள். கணக்கு நிறுத்தப்படுகிறது’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு லோகேஸ்வரி, வராந்தாவில் இருந்தவர்களை எட்டிப் பார்த்தாள்.

“அந்த ரயில் கேமாண்ணே? எங்கிட்டயும் இருக்கு. யாரோ சும்மா டவுன்லோட் பண்ணிக் கொடுத்தாங்க.”

“அது கள்ள காப்பிம்மா.”

“கள்ளம்தான். ஆனா ஒரு நாள்கூட நீ யாருன்னு என்னைக் கேட்டதில்ல.”

தம்புசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். “சும்மாதான் கேக்கறேன். அதுல பெர்த்ல இருக்கற ஆளோட சேர்ந்து ஓட்ட முடியுமா?”

“அது மட்டும் ஆகாதுண்ணே. நான் தனியாத்தான் ஓட்டறேன்.”

கேட்டதற்கே அவருக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளே போய்க் கம்பெனிக்கு ஒரு கடிதம் தட்டினார். தான் யார் என்று தெரிந்தால் எழுந்து நின்று கதவைத் திறக்க மாட்டார்களா? ‘நாற்பதாயிரம் கள்ள டிஸ்க்குகளை என் கையால் அள்ளியவன் நான்’ என்று பெருமையோடு ஆரம்பித்தார்.

அரை நிமிடத்தில் இயந்திரம் பதில் அனுப்பியது. ‘கள்ளப் பிரதிகள் பற்றி ஒப்புக்கொண்டதற்கு நன்றி. உங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்கு ஏழு வேலை நாட்கள்.’

“நல்லா எழுதினீங்க,” என்றாள் உஷாராணி.

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும், பிள்ளை காத்திருப்பாளே என்பதுதான் தாங்கவில்லை. ‘ரயில் ஓடாதும்மா. கம்பெனிக்காரன் அப்பாவைத் திருடன்னு சொல்லிட்டான்’ என்று மகளுக்கு மெசேஜ் போட்டார்.

‘பத்து நிமிஷம் இருங்கப்பா’ என்று பதில் வந்தது.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் போன் அடித்தது.

“சார், கேம் கம்பெனில இருந்து குகன் பேசறேன். உங்க கணக்க திறந்துட்டேன். அந்தப் பூட்டு புரோகிராம எழுதினவன் நான்தான்.”

“நல்லா எழுதினப்பா. காசு கொடுத்தவன வெளிய நிறுத்தி வச்சிருக்கே.”

“மன்னிச்சுக்குங்க சார். உங்க லெட்டர பார்த்தேன். அந்த நாப்பதாயிரத்துல எரநூறு டிஸ்க் என்னோடது. அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. ‘திருடற மூளைய ஒழுங்கான வேலைல காட்டுடா’ன்னு ஏசினீங்க.”

தம்புசாமி விழுந்து விழுந்து சிரித்தார். தன் பேச்சைக் கேட்டுத் திருந்திய ஒரே ஆள், தனக்கே பூட்டுப் போட்டிருக்கிறான். திரையில் ரயில் வந்து நின்றது. பிளாட்பாரத்தில் விஷ்ணுப்ரியா பச்சைக் கொடியோடு தயாராக இருந்தாள். அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று.

“தங்கமான பையன்,” என்று மனைவியிடம் போனை நீட்டினார்.

உஷாராணி வாங்கிக் கேட்டாள். “ஏழு வேலை நாள்னு சொன்னாங்களே தம்பி, ஞாயித்துக்கிழமைல நீங்க எப்படி? இந்த நம்பர் ஏது? இவரு கம்பெனிக்குக் கொடுக்கவே இல்லியே.”

குகன் அசடு வழியச் சிரித்தான்.

“விஷ்ணு கொடுத்தா ஆன்டி. அவ இன்னிக்கு அங்கிள்கிட்ட சொல்லப்போற விஷயமே நான்தான்.”