முத்திரை விழாத சர்க்யூட் போர்டு

ஒரு காட்டில் அம்பலம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. வீட்டிலேயே சர்க்யூட் போர்டு வெட்டுவதில் அது கெட்டிக்காரன். செம்புத் தகடு ஒட்டிய பலகைமேல் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, இரண்டு பக்கமும் கத்தியால் ஏழெட்டுத் தடவை கீறும். பிறகு கல் விளிம்பில் வைத்து ஓர் அழுத்து. கீறிய இடத்தில் டக்கென்று உடையும். தூசி நெஞ்சுக்குள் போகாமல் மூக்கில் துணி கட்டி, தண்ணீர் தொட்டு, ஓரங்களை உப்புத்தாளில் தேய்க்கும்.

பக்கத்துப் புதரில் செவந்தி என்ற முயல் குடியிருந்தது. யாரோ போட்ட வெடியில் அதற்குக் காது கேட்காமல் போயிருந்தது. வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ளும்.

"அண்ணே, சிறுத்தை வர்றது எனக்குத் தெரியவே மாட்டேங்குது. நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறதுலயே பொழுது போயிடுது. எங்க மேயறது?"

அம்பலம் நகத்தளவில் ஒரு போர்டு வெட்டி, கருவி செய்து, அதன் கழுத்தில் கட்டிவிட்டது. சிறுத்தை நூறடிக்குள் வந்தால் கருவி துடிக்கும். அந்த மாதமே செவந்தி மூன்று தடவை தப்பியது. வெகுநாளைக்குப் பிறகு வயிறாரவும் மேய்ந்தது.

விஷயம் காட்டு அலுவலகத்துக்கு எட்டியது. அங்கே அதிகாரி ஒரு தேவாங்கு. இருவரையும் வரச்சொல்லி, கருவியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"கருவி நல்லாத்தான் இருக்கு. முத்திரை எங்க?"

"போட்டுக் குடுங்க ஐயா" என்றது அம்பலம்.

தேவாங்கு முத்திரையை எடுத்தது. தேங்காய் மூடி அளவு இருந்தது. வைத்ததும் போர்டு அதற்கடியில் காணாமல் போனது.

"முழு முத்திரையும் போர்டுமேல விழணும். பெரிசா வெட்டிட்டு வாங்க."

"கழுத்துல கட்டுறது ஐயா. முத்திரையைச் சின்னதாக்க முடியாதா?"

"தாராளமா. அதுக்கு ஒரு உத்தரவு வேணும். உத்தரவுல சின்ன முத்திரை விழணும். அந்தச் சின்ன முத்திரை இன்னும் வரலை."

பழைய கருவியை தேவாங்கு மேசைக்குள் வைத்துப் பூட்டியது. வேறு வழியில்லாமல் அம்பலம் பெரிதாக வெட்டியது. முத்திரை முழுசாக விழுந்தது. செவந்தியின் கழுத்து தரை வரை தாழ்ந்தது.

"ரெண்டு நாள்ல பழகிடும் அண்ணே" என்றது செவந்தி.

மறுநாள் காலை சிறுத்தை வந்தது. கருவி துடித்தது. செவந்தி ஓடியது. பலகை முன்னங்காலில் தட்ட, குப்புற விழுந்தது. மறுபடி எழுந்திருக்கச் சிறுத்தை விடவில்லை.

தேவாங்கு வந்து பார்த்துவிட்டுக் கோப்பில் எழுதியது: 'கருவி நன்கு இயங்கியது. முத்திரை அழியவில்லை.'

அம்பலம் மூன்று நாள் கத்தியைத் தொடவில்லை. நான்காம் நாள் தேவாங்கு கொல்லைப்பக்கமாக வந்து நின்றது.

"வீட்டுக்காரிக்கு ஒண்ணு வேணும். நகத்தளவு போதும்."

"முத்திரை?"

"வீட்டு ஆளுக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

முடியாது என்ற வார்த்தை அம்பலத்தின் நாக்கு வரை வந்தது. உள்ளே அதன் குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஸ்கேலை எடுத்தது. கோடு கோணவில்லை.

நீதி: விதி எல்லோருக்கும் ஒரே அளவுதான். உயிர் பிழைக்கிற அளவு வேண்டுமென்றால் அதிகாரி வீட்டில் பிறக்க வேண்டும். தவறினால் வாக்கப்படவாவது வேண்டும்.