கில்டெர்வன் சிலுவைப் பாதுகாப்புக் குழு

கல்லைக் காப்பாற்றவென்றே கடவுள் படைத்த ஜீவன் ஒன்று உண்டு. அதன் பெயர் குழு. அயர்லாந்தின் மேற்கே, கில்டெர்வன் பழைய கல்லறைத் தோட்டத்தில் நின்ற கற்சிலுவை, இப்படி ஒரு குழு பிறக்கும்வரை ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் எப்படித்தான் பிழைத்துக் கிடந்ததோ, நினைத்தாலே குலை நடுங்குகிறது. வைக்கிங் கொள்ளையர் வந்து போனார்கள். மாடுகள் வந்து முதுகு சொறிந்துகொண்டன. பல்வலிக்காரர்கள் வந்து கன்னத்தை வைத்துத் தேய்த்துவிட்டு, வலி போன இடம் தெரியாமல் வீட்டுக்குப் போனார்கள். மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஊரில் அது நின்றால்தான் செய்தி. இத்தனைக்கும் நடுவில், வட்டத்துக்குள் செதுக்கிய சிலுவையும் அதன் கீழே அருகருகே நின்ற இரண்டு கல் துறவிகளும் மூக்கும் முழியுமாக அப்படியே இருந்தார்கள். பாதுகாக்க ஆளில்லாத குறை ஒன்றுதான்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் கஹல் பிரெஸ்லின். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு 'பாதுகாப்புக் குழு'வைத் தொடங்கினார். தலைமைப் பொறுப்பை ஏற்கும்படி தன்னைத் தானே வற்புறுத்தி, மிகுந்த தயக்கத்துடன் சம்மதித்தார்.

குழுவின் முதல் சேவை பாசி நீக்கம். தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து கல்லைக் கழுவினார்கள். பாசி போயிற்று. கூடவே துறவிகளின் மூக்கும் போயிற்று. "இப்பத்தான் உண்மையான பழமை தெரியுது" என்று பூரித்தார் தலைவர். இரண்டாவது சேவை கண்ணாடிக் கூண்டு. கல் நனையக் கூடாதல்லவா? மழை வெளியே நின்றது. உள்ளே கல்லே வியர்த்தது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து, சிலுவையின் இடது கை விண்டு விழுந்தது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பது இப்போதாவது ஊருக்குப் புரிந்திருக்கும் என்று குழு உடனே கூடித் தீர்மானம் போட்டது.

மூன்றாவது சேவைதான் உள்ளூர் விதவை அட்ராக்டா கில்ஹூலியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. குழி தோண்டினால் சிலுவை சாயும். ஆகவே இனி அந்தத் தோட்டத்தில் யாரையும் புதைக்கக் கூடாது.

கில்டெர்வனில் ஒரு ஏற்பாடு உண்டு. கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் தோட்டத்துக்குக் காவல். அடுத்த ஆள் வரும்வரை அவர் வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களின் தாகத்துக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்துவிட்டால் போச்சு, எந்தப் பெட்டி முதலில் வாசலைத் தாண்டுவது என்று ஓட்டப்பந்தயமே நடக்கும். அதில் பல் உடைந்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் சிலுவைதான் மருந்து.

இப்போது கடைசி ஆள் அட்ராக்டாவின் கணவர் ஃபின்டன். உயிரோடு இருந்தபோதே முழங்கால் தேய்ந்து, அடுப்படிக்குப் போய் ஒரு கோப்பைத் தேநீர் எடுத்துவர நான்கு தடவை முனகிய மனுஷன். அவர் மாற்று ஆள் இல்லாமல் காலமெல்லாம் வாளி தூக்குவதை அட்ராக்டாவால் தாங்க முடியவில்லை. மழை வலுத்தால் சாப்பாடு இறங்காது, ஜன்னலோரம் நின்று அழுவாள்.

"இதையெல்லாமா நம்பறீங்க?" என்று பங்குச்சாமி டீர்னன் கேட்டதற்கு, "நம்பறேனோ இல்லையோ சாமி, அந்த முழங்கால் வலி எனக்குத் தெரியும்" என்றாள்.

அவளுடைய ஒரே நம்பிக்கை பக்கத்து வீட்டு மர்ட் ஃபீனி. தொண்ணூறை நெருங்குகிறவர். தோட்டத்தில் குடும்பக் குழிக்கு உரிமையும் உள்ளவர்.

"மர்ட் அண்ணே, நெஞ்சு எப்படி இருக்கு?"

"குதிரை மாதிரி இருக்கு."

"அந்த இருமல்?"

"போன வாரமே விட்டுடுச்சு."

"அடக் கடவுளே!" என்று அட்ராக்டா இடிந்து உட்கார்ந்தாள்.

"நான் செத்தாலும் உனக்கு என்ன பிரயோசனம்? அதான் தோட்டத்த மூடிட்டானுங்களே."

"உங்க ஒருத்தருக்கு மட்டும் அனுமதி வாங்கிடறேன் அண்ணே. குழுகிட்ட கெஞ்சிப் பாக்கறேன்."

"ஒருத்தனுக்கு மட்டுமா? அப்ப எனக்கு அப்புறம் யாரு வருவா? உலகம் முடியற வரைக்கும் நான் வாளி தூக்கணுமா? ஆள விடு தாயே! நான் நெடுஞ்சாலை ஓரத்துப் புது மயானத்துக்கே போய்க்கறேன். அங்க குழாய் இருக்கு."

வேறு வழியில்லாமல் அட்ராக்டா குழுவின் கூட்டத்துக்கே போனாள். வேடிக்கை பார்க்க மர்ட்டும் கூட வந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மாத்து ஆள் வேணும்" என்றாள்.

"அம்மணி, உங்க நம்பிக்கைய இந்தக் குழு மனசார மதிக்குது" என்றார் தலைவர் பிரெஸ்லின். "மதிக்கறதுக்குன்னே ஒரு துணைக்குழு வச்சிருக்கோம்."

"அப்ப ஒரு குழிக்கு அனுமதி குடுங்க."

"சிலுவைக்கு ஆபத்தாச்சே."

"அதோட கைய ஒடச்சது எங்க வீட்டுக்காரரா?"

"அது இயற்கை."

"கண்ணாடிக் கூண்டு எந்த மரத்துல காய்ச்சுதுங்க?"

தலைவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார். அன்றைய அடுத்த பொருள்தான் சரித்திரம். காற்றும் வெளிச்சமும் மனிதர்களும் உள்ளவரை சிலுவைக்கு நிம்மதி இல்லை என்று குழு கண்டுபிடித்திருந்தது. ஆகவே 'இறுதிப் பாதுகாப்பு': சிலுவையைப் படுக்க வைத்து, அது நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் இறக்கி மூடிவிடுவது. மேலே அதன் வண்ணப் படம் ஒன்று.

"மண்ணுக்கடியில மழை இல்ல, பனி இல்ல, மாடு இல்ல, பல்வலிக்காரன் இல்ல!" என்று முழங்கினார் தலைவர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"தோண்டினா சிலுவை சாயும்னு சொன்னீங்களே?" என்றார் மர்ட்.

"அதைத்தான் நாங்களே சாய்ச்சிடறோமே. இனிமே எப்படிச் சாயும்?"

இந்தத் தர்க்கத்தின் முன் யாரால் வாய் திறக்க முடியும்? அட்ராக்டா மட்டும் மெதுவாக எழுந்தாள்.

"எவ்வளவு ஆழம்ங்க?"

"ஒரு ஆள் ஆழம்."

"தோட்டத்து வேலிக்கு உள்ளதானே?"

"உள்ளேதான்."

"அப்ப ஏற்பாடு எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க வந்து நின்னா போதும்."

பொதுமக்கள் ஒத்துழைப்பு இப்படித் தானாக முன்வந்ததைத் தலைவர் தன் கையாலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

குறித்த நாளில், இயந்திரம் கூடாது, பாரம்பரிய முறையில்தான் தோண்ட வேண்டும் என்றது குழு. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பாரம்பரிய முறை ஒன்றுதான். அண்டை வீட்டு ஆண்கள் தோண்டினார்கள். தோண்டி முடித்ததும், சவக்குழிக்குச் செய்கிற வழக்கப்படி, மண்வெட்டியையும் மண்வாரியையும் குழிக்கு மேலே சிலுவை போலக் குறுக்காக வைத்தார்கள். அட்ராக்டா தன் கல்யாண விரிப்பைக் கொண்டுவந்து சிலுவையைச் சுற்றினாள்; விண்ட கையையும் அதன் தோளோரம் சேர்த்துக் கட்டினாள். ஆட்கள் முறை மாற்றி மாற்றித் தோள் கொடுத்து, சூரியன் போகும் திசையில் தோட்டத்தைச் சுற்றிவந்தார்கள்.

"எதுக்கு இப்படிச் சுத்தறாங்க?" என்று கேட்டார் தலைவர்.

"பாரம் எல்லாருக்கும் சமமாப் போகணும்ல ஐயா" என்றார் மர்ட்.

பங்குச்சாமிதான் கொஞ்சம் தயங்கினார். "கல்லுக்கு எப்படிம்மா ஜெபம் சொல்றது?"

"நம்ம பாட்டன் பூட்டன் அத்தனை பேருக்கும் அது நின்னுச்சே சாமி. அதுக்காக நாம ஒரு தடவ நிக்கக் கூடாதா?"

சாமி புத்தகத்தைப் பிரித்து, ஒரு வரி விடாமல் முழு அடக்கப் பூசையும் சொல்லி முடித்தார். அட்ராக்டா முதல் பிடி மண்ணைப் போட்டாள். போட்டுவிட்டு, ஃபின்டனின் கல்லறைப் பக்கம் திரும்பினாள்.

"போதுங்க. வாளிய வச்சிட்டுப் போய்ப் படுங்க" என்றாள். தேம்பித் தேம்பி அழுதாள். மர்ட் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இனிமே காவல் சிலுவைதானா?"

"அதுக்கு நின்னு பழக்கம் அண்ணே."

"பாவம், ஒத்தக் கையால தூக்கணுமே" என்றார் மர்ட்.

மண் மூடியதும் தலைவர் பிரெஸ்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "ஆயிரம் வருஷமா ஆபத்துல நின்ன இந்தச் சிலுவை, இன்னைக்குத்தான் முழுப் பாதுகாப்பு அடைஞ்சிருக்கு. இனிமே யாராலயும் இதுக்கு ஒரு கெடுதல் பண்ண முடியாது."

"ஆமாங்க" என்றாள் அட்ராக்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இங்க இருக்கற எல்லாருக்குமே அப்படித்தான்."

பிறகு ஊரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலைவர் முன்னால் வரிசை கட்டிற்று. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, தாழ்ந்த குரலில், "உங்க துக்கத்துக்கு ரொம்ப வருத்தம்" என்றார்கள்.

தலைவர் நெகிழ்ந்துபோனார். "நன்றி, நன்றி. நான் என்ன செஞ்சேன், எல்லாம் குழுவோட கூட்டு முயற்சி" என்று ஒவ்வொருவரிடமும் அடக்கமாகச் சொன்னார்.

கில்டெர்வனில் வழக்கமாகச் செத்தவரின் உறவுக்காரருக்குத்தான் இப்படிக் கை கொடுப்பார்கள். கொன்றவருக்கு ஊரே வரிசையில் நின்று கை கொடுத்தது அன்றைக்குத்தான்.