ஒருசந்திக்கு வயது வரம்பு

இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூடப் பட்டினி கிடப்பதில்லை என்று பலாபத்வல ஊர்த் தையற்காரர் உதயராஜ் சபதம் எடுத்தார். சாம்பல் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு நடந்து வரும்போதே எடுத்துவிட்டார்.

காரணம் அவர் மனைவி இராஜகுமாரி. தவக்கால வெள்ளிதோறும் அவள் ஒருசந்தி இருப்பாள். நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அவள் இருந்தால் வீடே இருக்க வேண்டும். காலையில் பாலில்லாத பிளேன்டித் தேத்தண்ணி, மதியம் சோறும் பூசணிக்காயும், இரவுக்கு மறுபடி பிளேன்டி. உதயராஜின் கடைக்கு நேர் எதிரே கொத்து ரொட்டிக் கடை. சாயந்தரம் அங்கே இரும்புத் தகடு சத்தம் கிளம்பினால் இங்கே தையல் கோணிக்கொண்டு ஓடும். முப்பத்துமூன்று வருடமாக இந்தச் சித்திரவதை.

வருடத்தில் இரண்டே நாள்தான் ஒருசந்தி கடமை என்று அவர் வாதாடிப் பார்த்தார். இராஜகுமாரி கீரை ஆய்ந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"அது திருச்சபைச் சட்டம். இது எங்கம்மா வீட்டுப் பழக்கம். நோயாளிக்கும் வயசானவங்களுக்கும்தான் விலக்கு. நீங்க ரெண்டுல எது?"

நோய் என்று சொல்லிக்கொள்ள அவருக்குத் துரதிர்ஷ்டவசமாக ஒன்றும் இல்லை. மாத்தளை ஆஸ்பத்திரியில் சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர் எல்லாம் பார்த்தார். எல்லாம் வெட்கமில்லாமல் நன்றாக இருந்தன. மிச்சம் இருந்தது முதுமை. ஒரு மனிதன் எப்போது கிழவனாகிறான் என்று திருச்சபை எங்காவது எழுதி வைத்திருக்காமலா போகும்?

எழுதி வைத்திருந்தது. கத்தோலிக்க ஆவணங்கள் முழுவதையும் திரட்டி வைத்த இணைய நூலகம் ஒன்று அவர் போனில் அகப்பட்டது. பாப்பரசர்களின் கடிதங்கள், சங்கத் தீர்மானங்கள், சட்டங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தேடல் பெட்டி. உதயராஜ் தமிழில் தட்டினார். நூலகத்துக்குத் தமிழ் தெரியவில்லை. தன்னுடைய தையற்கடை இங்கிலீஷில் 'பசி' என்று தட்டினார். உலகத்துப் பசியைப் பற்றி எண்ணூறு ஆவணங்கள் வந்தன. உதயராஜின் பசியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. 'மனைவி, கீழ்ப்படிதல்' என்று தட்டினார். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்று வந்தது. அதை அவசரமாக மூடினார்.

வாடிக்கையாளர்களின் கல்யாண பிளவுஸ்கள் வெட்டியபடியே கிடந்தன. உதயராஜ் போனில் ஐந்தாம் நூற்றாண்டுக் கடிதங்களுக்குள் இருந்தார். அதற்குள் இரண்டு வெள்ளி பிளேன்டியோடு போய்விட்டிருந்தது. பத்தாம் நாள் 'வயது, ஒருசந்தி' என்று இரண்டையும் சேர்த்துத் தட்டினார். கிடைத்துவிட்டது. ஐம்பத்தொன்பது முடிந்தவருக்கு ஒருசந்தி கடமையில்லை. அவருக்குத் தை மாதத்தோடு அறுபது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கிழவனானதற்காக ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்தத் தெரு பார்த்ததில்லை.

கொமினிகேஷன் கடையில் அச்செடுத்து, வெள்ளிக்கிழமை காலையில் பிளேன்டிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். இராஜகுமாரி கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தாள்.

"சட்டம்னா சட்டந்தான்," என்றாள். "ஒங்களுக்கு என்ன வயசு?"

"அறுபது. ஒனக்குத் தெரியாதா?"

அவள் எழுந்து போய் அலுமாரியிலிருந்து கல்யாணச் சான்றிதழைக் கொண்டுவந்தாள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மணமகன் வயது இருபத்துநான்கு. "இதுப்படி அம்பத்தேழுதானே வருது?"

உதயராஜ் கோப்பையைக் கீழே வைத்தார். இருபத்தைந்தைத் தாண்டிய மாப்பிள்ளைக்குப் பெண் இல்லை என்று மாமனார் அன்றைக்குச் சொல்லியிருந்தார். உதயராஜ் இரண்டு வயது தாண்டியிருந்தார். ஞானஸ்நானச் சீட்டு எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்துவிட்டது என்று பாதருக்கு முன்னால் பைபிளில் கை வைத்துச் சத்தியம் பண்ணி, மூன்றைக் குறைத்துக்கொண்டார். அந்த வருடம் எத்தனையோ பேருடைய எல்லாமும் எரிந்திருந்தது. அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவருடைய சீட்டு மட்டும் டிரங்குப் பெட்டியில் ஒரு மூலைகூட மடங்காமல் இருந்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணமாகி மூணாம் நாள். ஒங்க ஐடென்டிட்டி கார்ட் நம்பர் அறுபத்தஞ்சுலதானே தொடங்குது? பொறந்த வருசத்தக் கவர்மெண்டே போட்டுக் குடுத்திருக்கு."

முப்பத்துமூன்று வருடம் அவள் இதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். உதயராஜுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல்ல," என்றாள் இராஜகுமாரி. "அறுபதுன்னா காலச் சாப்பாடு இப்பவே தாறேன். நீங்க போன்ல தேடினதப் பாத்துத்தான் இடியப்பமும் சொதியும் செஞ்சு வச்சிருக்கேன். ஆனா பைபிள்ல கை வச்சுப் பொய் சொன்னத நாளைக்கே பாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். கோயில் புத்தகத்துல வயசத் திருத்தணும். எங்க அண்ணனுங்க மூணு பேரும் இன்னும் நல்லாத்தான் இருக்காங்க, அவங்களுக்கும் சொல்லணும். அம்பத்தேழுன்னா ஒண்ணும் வேணாம், பிளேன்டியக் குடிங்க."

உதயராஜ் மூன்று மச்சான்மாரையும் நினைத்துப் பார்த்தார். மூத்தவர் நாவுலயில் இன்றைக்கும் மூட்டை தூக்குகிறவர். இடியப்பத்தின் மணம் குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"அம்பத்தேழு," என்றார் மெல்ல.

"நல்லதாப் போச்சு," என்று இராஜகுமாரி கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். "பெரிய வெள்ளிக்கு மலைக் கோயில் வரைக்கும் சிலுவை தூக்க அறுபதுக்குக் கீழ உள்ள ஆம்பளைங்க பேரு பாதர் கேட்டாரு. போன ஞாயித்துக்கிழமையே ஒங்க பேரக் குடுத்துட்டேன்."