பால்மீன் பொட்டலத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்

டிராகனின் வால் திரைக்கு வந்துவிட்டது. தலைதான் வரவில்லை. லாய் சுங்பின் எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தார். அப்போதும் வரவில்லை. எங்கிருந்தோ 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டது. தைவானின் தைனான் நகரில் பல்லிக்கா பஞ்சம் என்று சுவரைத் தட்டிப் பார்த்தார். சத்தம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

சுங்பினும் மனைவி பெய்ஜென்னும் எம்பிராய்டரி கடை நடத்துகிறார்கள். பள்ளிச் சட்டைகளுக்குப் பெயர், கோயில்களுக்கு ஊர்வலக் கொடி. பத்தொன்பது வருடமாக அவர் வரைந்த அத்தனை வடிவங்களும் அந்தப் பெட்டிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. எந்த நூல் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று ஒரு டிராகனை வரைந்து முடிக்கவே மூன்று வாரம் ஆகும். கடலம்மன் கோயில் ஊர்வலத்துக்கோ இன்னும் ஒன்பது நாள்தான். போன வருடக் கொடி பட்டாசில் பொத்தலாகிவிட்டது. அதே டிராகன் வேண்டும், மீசையில் ஓர் இழைகூட மாறக்கூடாது என்று கோயில் செயலாளர் வெங் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது என்பது சுங்பினுக்குத் தெரியாத விஷயம் அல்ல. போன வருடமே பெய்ஜென் புதுசு மாற்றச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள். வழியில் காசு கொடுத்து இறால் பிடிக்கும் தூண்டில் குளம் ஒன்று இருந்தது. மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு, பிடித்த இறாலை உப்புப் போட்டுச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, டிஸ்க்கை மாற்றியாகிவிட்டது என்றார். அவள் நம்பினாள். இறாலையும் சாப்பிட்டாள்.

ஆனாலும் அவர் பதறவில்லை. வெள்ளிதோறும் பெய்ஜென் எல்லாவற்றையும் ஒரு கறுப்பு டிஸ்க்கில் நகல் எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் வைப்பாள். அவள் கண்ணயரும் நேரத்தில் அதை எடுத்துக் காரியத்தை முடித்துவிடலாம். மதியம் இழுப்பறையைத் திறந்தார். கத்தரிக்கோல் இருந்தது, நூல்கண்டு இருந்தது, கறுப்பு டிஸ்க் இல்லை.

சாப்பிடும்போது பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தார்.

"அந்தக் கறுப்பு டிஸ்க்கை எங்க வச்சிருக்க?"

பெய்ஜென் கிண்ணத்திலிருந்து நிமிரவில்லை. "எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"உன் கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது?"

"அதுக்கென்ன, புது டிஸ்க்காச்சே."

"அப்புறம் அது எதுக்கு உனக்கு? பத்திரமா இருக்கு, விடு."

குரலை உயர்த்தாமல் அவள் 'விடு' என்றால் அதற்கு மேல் பேசக்கூடாது என்பது இருபத்திரண்டு வருட இல்வாழ்க்கை தந்த பாடம். இறால் குளத்து விவகாரத்தை மோப்பம் பிடித்துவிட்டாள், நம் வாயாலேயே வரட்டும் என்று காத்திருக்கிறாள் என்று சுங்பின் முடிவுகட்டினார்.

முதலில் கம்ப்யூட்டர் மேல் இருந்த சோளப்பொரிப் பொட்டலத்தைப் பார்த்தார். பச்சைப் பொட்டலம் மேலே இருந்தால்தான் மெஷின் சொன்னபடி கேட்கும் என்பது தைவானில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் உள்ள நம்பிக்கை. எடுத்துத் திருப்பினால், அது காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஓடிப்போய்ப் புதுசு வாங்கி வைத்தார். ஒரு மணி நேரம் சத்தம் அடங்கியது.

அந்த இடைவெளியில் ஒரு பென் டிரைவைச் செருகி நகல் எடுக்கத் தொடங்கினார். கம்ப்யூட்டர் எதை முதலில் எடுப்பது என்று அவரைக் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், பத்தொன்பது வருட உழைப்பில் கரையேறியது ஒரே ஒரு கோப்புறை. திறந்தார். இறால் குளத்தில் எடுத்துக்கொண்ட படங்கள், அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியோடு. அவசரமாக அழித்தார். மறுபடி 'டிக், டிக்'.

பக்கத்து நூடுல்ஸ் கடை துங் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார். "லேசா ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க முதலாளி. என் பழைய டிவி அப்படித்தான் ஓடிட்டிருக்கு" என்றார்.

சுங்பின் தட்டினார். சத்தம் நின்றது. கம்ப்யூட்டரும் நின்றது.

பெய்ஜென்னிடம் கம்ப்யூட்டரின் மின்சாரப் பகுதியில் ஏதோ கோளாறு என்று சொல்லி வைத்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "அவசரமில்ல, நிதானமாப் பாரு" என்று சொல்லி, கொய்யாவை நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். கல்யாணமான வருடத்துக்குப் பிறகு அவள் அவருக்குக் கொய்யா நறுக்கியதே இல்லை. சுங்பின் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.

செத்த டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் சற்று நேரத்துக்கு உயிர் வரும் என்று இணையத்தில் எவரோ எழுதியிருந்தார். டிஸ்க்கைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் மாட்டி உள்ளே வைத்தார். கதவை மூடும்போது பெய்ஜென் பின்னால் நின்றாள். என்ன அது என்று கேட்டாள். பால்மீன், நண்பர் கொடுத்தார் என்றார். சரி என்று போய்விட்டாள்.

மறுநாள் கோயிலிலிருந்து வெங் போன் செய்தார். பெய்ஜென் எடுத்து, டிராகன் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்று சரளமாகப் பொய் சொன்னாள். நமக்காகப் பொய் சொல்கிறாளே என்று சுங்பினுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அடுக்களைக்குப் போனார். அவள் தொட்டியருகே நின்று இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் மீனை இளகறதுக்குத் தண்ணியில போட்டிருக்கேன். ராத்திரிக்கு மீன் கஞ்சி வச்சிடலாம்."

தொட்டியில் செய்தித்தாள் ஊறிப் பிரிந்து மிதந்தது. பைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. அது கெட்டுப்போன மீன், நாறுகிறது என்று சொல்லிப் பொட்டலத்தை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். கெட்டுப்போன மீனை ஒரு மனிதர் அப்படி அணைத்துக்கொண்டு ஓடியதை அவள் அதற்குமுன் பார்த்திருக்க முடியாது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், கெட்ட டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் கெ என்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டு டிஸ்க்கைத் திறந்தார். உள்ளே சுழலும் தகட்டில் வட்ட வட்டமாகக் கீறல். அதன்மேல் நீர்த்துளி. முகர்ந்து பார்த்து, மீன் வாசனை அடிக்கிறதே என்றார்.

"இது உங்களுதா முதலாளி?"

"என் நண்பரோடது" என்றார் சுங்பின்.

"தட்டியிருக்கார், குளிர வச்சிருக்கார், தண்ணியிலயும் போட்டிருக்கார். சும்மா விட்டிருந்தா காப்பாத்தியிருக்கலாம். இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

சுங்பின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதல் டிராகனை வரைந்த வருடம் இருவரும் கடைக்குள்ளேயே பாய் விரித்துத் தூங்கினார்கள். மீசைக்கு எந்தத் தங்கநிறம் பொருந்தும் என்று பெய்ஜென் நூறு நூல்கண்டாவது பிரித்துப் பார்த்திருப்பாள். அவ்வளவையும் மூன்று மணி நேர இறாலுக்கு விற்றுவிட்டோமே என்று கண் கலங்கியது. நேரே வீட்டுக்குப் போய், இறாலிலிருந்து பால்மீன் வரை ஒன்றுவிடாமல் சொல்லி, அவள் வாயில் வருவதை வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்து எழுந்தார்.

நண்பர் அதில் என்னதான் வைத்திருந்தார் என்று கெ கேட்டார். எம்பிராய்டரி வடிவங்கள், கோயில் கொடிக்கு ஒரு டிராகன் என்றார் சுங்பின், வாசலில் நின்றபடி.

கெ கொஞ்சம் யோசித்தார். பிறகு பின்னாலிருந்த அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுலயும் டிராகன்தான் முதலாளி. போன வாரம் ஒரு அக்கா கீழ போட்டு உடைச்சிட்டாங்கன்னு அழுதுக்கிட்டே கொண்டுவந்தாங்க, அத்தனையும் மீட்டு வச்சிருக்கேன். ஒரே தொழில்ங்கறீங்க, அவங்க வீட்டுக்காரரை உங்களுக்குப் பழக்கம்னா மட்டும் தயவுசெஞ்சு வாயைத் திறந்துடாதீங்க, அந்த மனுஷன் காதுக்குப் போகக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க."