தேனீ மேல் நான் போட்ட பழி

நேற்று எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு பெட்டி குழந்தைச் சட்டைகளை ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் ஒவ்வொன்றாக விட வேண்டும்.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி டிரெய்னி நான். தைக்கும்போது ஊசி உடைந்து அதன் முனை துணியில் தங்கிவிட்டால் குழந்தையைக் குத்திவிடும். அதனால் பேக்கிங்குக்கு முன் எல்லாச் சட்டையும் இந்த மெஷினைத் தாண்டியாக வேண்டும். இரும்பு இருந்தால் கத்தும். அந்த அறைக்குள் ஊக்கு, ஹேர்பின் எதுவும் கூடாது. கழற்றச் சொல்லி எல்லோரையும் விரட்டுகிற ஆளும் நான்தான்.

மூன்று மாத டிரெய்னிங் நேற்றோடு முடிந்தது. வேலை நிரந்தரமா இல்லையா என்று நேற்று மாலையில் சொல்வதாக இருந்தது. எங்கள் வீட்டின் முதல் டிகிரி என்னுடையது. விலங்கியல். பயத்தில் அரக்கப்பரக்கக் கிளம்பி வந்திருந்தேன்.

பத்து சட்டை அமைதியாகப் போனது. பதினோராவது மெஷின் வாயில் சுருண்டு நின்றது. கையை விட்டுத் தள்ளினேன்.

மெஷின் கத்தியது.

ஊசி கிடைக்காவிட்டால் மொத்த சரக்கும் நிற்கும். சட்டையை உதறினேன். உள்ளேயிருந்து ஒரு தேனீ தள்ளாடி வெளியே வந்தது. ஜன்னலோரம் முருங்கை பூத்திருக்கிறது. சட்டையில் அச்சடித்த மஞ்சள் பூவை நம்பி ஏமாந்திருக்கும். நான் பயந்து தள்ளி நின்றுகொண்டே அந்தச் சட்டையை மறுபடி மெஷினில் போட்டேன். சத்தமே இல்லை.

அங்கேதான் என் டிகிரி விழித்துக்கொண்டது.

தேனீ தின்னும் மகரந்தத்தில் உள்ள இரும்பு, அதன் வயிற்றுச் செல்களுக்குள் நுண்ணிய மணிகளாகச் சேரும். அதில் காந்தத் தன்மை இருக்கலாம், திசை அறிய உதவலாம் என்பார்கள். படித்திருக்கிறேன். பொய் எழுதக்கூடாது என்று ரிஜிஸ்டரில் காரணம் என்ற இடத்தில் நேர்மையாக எழுதினேன்: தேனீ.

சூப்பர்வைசர் கதிர்வேல் அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"ஏங்கண்ணு, தேனீக்குள்ள இரும்பா?"

"ஆமாங்கண்ணா. செல்லுக்குள்ளயே உண்டாகுதுங்க."

"அப்ப அதையே உள்ள உட்டுக் காட்டு."

தேனீயைப் பாலிபேக்கில் பிடித்தேன். பை காற்றில் உப்பி, மெஷினின் ஓடும் பெல்ட்டில் நகராமல் நின்றது. கையால் உள்ளே தள்ளினேன். மெஷின் கத்தியது!

பேக்கிங் செக்ஷனே கூடிவிட்டது. அண்ணன் ஊட்டுத் தோட்டத்தில் தேன் பெட்டி இருக்கிறதாம். இத்தனை நாள் இரும்புக்கடை வைத்திருந்தது தெரியாமல் போச்சே என்றார். ஒரு அக்கா, ரத்தசோகைக்குத் தேனீயைத் தின்னலாமா என்று கேட்டார். என் கால் தரையில் இல்லை. செல், மகரந்தம், காந்தம் என்று வகுப்பே எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, சரக்கை வாங்கும் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அவருக்கும் முதலிலிருந்து வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பாலிபேக்கை அவரே வாங்கி மெஷினில் வைத்து, ஒரு குச்சியால் தள்ளினார்.

மெஷின் வாயே திறக்கவில்லை.

"இப்ப தேனீ இல்லாம உங்க கைய மட்டும் விடுங்க" என்றார்.

விட்டேன். மெஷின் ஊரைக் கூட்டியது.

காலை அவசரத்தில் என் சுடிதார் கைப் பட்டன் அறுந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு ஓடி வந்திருந்தேன். பட்டன் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கம்பெனிக்கு. தேனீக்குள் இருக்கும் இரும்பு இந்த மெஷினுக்குத் தூசியிலும் தூசி. தேனீ இல்லாமல் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விலங்கியல் முதல் வருடப் பாடம்.

ரிஜிஸ்டரில் தேனீயை அடித்துவிட்டு எழுதினேன்: "ஊக்கு. இருந்த இடம்: சோதித்தவரின் கை." இன்ஸ்பெக்டர் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே, சட்டைகளை மறுபடி விட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் அண்ணன் கூப்பிட்டார். மறைக்காமல் எழுதியதால் வேலை உறுதியாம். தேனீயை ஜன்னல் வழியாக விட்டேன்; அது திசை தப்பாமல் முருங்கைக்கே போனது.

இன்று முதல் வாசலில் எல்லோர் ஊக்கையும் வாங்கி வைப்பது என் பொறுப்பு; டப்பாவில் முதலில் விழுந்தது என்னுடையது.