ஒரு புள்ளியும் விடாத பிளம் க்ரீக்

மனிதகுலம் கண்ட அறிவுத் துறைகளில் தலையாயது எது என்று கேட்டால் சிலர் வானவியல் என்பார்கள், சிலர் மருத்துவம் என்பார்கள். விவரம் போதாதவர்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நவம்பர் மாதச் சேற்றில் எதிராளியின் இடுப்பைப் பிடிப்பானா, கோட்டை விடுவானா என்பதை, அவன் ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் ஜூலை மாதத்திலேயே குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சொல்லிவிடும் அறிவு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பருவ முன்கணிப்பு. அயோவா மாநிலத்து மேல்நதிக் கூட்டமைப்பு இந்த அறிவை வளர்த்த அளவுக்கு அமெரிக்க ஃபுட்பாலை வளர்த்ததில்லை. அதன் பெருமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மேற்படி கூட்டமைப்பில் எட்டுக் கல்லூரிகள். ஒவ்வொரு ஜூலையிலும் நெடுஞ்சாலை ஓர விடுதி ஒன்றில் அவற்றின் பயிற்சியாளர்கள் கூடுவார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவனை மடக்கிப் போடுவதற்கென்றே ஒவ்வொரு கல்லூரியும் பதினொரு பேரை வைத்திருக்கிறது அல்லவா, அந்தத் தற்காப்பு அணிகளை ஒன்று முதல் எட்டு வரை வரிசைப்படுத்தி அறிவிப்பதுதான் கூட்டத்தின் நோக்கம்.

இதில் ஒரு மரபு உண்டு. எந்தப் பயிற்சியாளரும் முதலிடத்தை விரும்ப மாட்டார். கடைசி இடம் கிடைத்தால் அந்தச் செய்தியைக் கத்தரித்து, பையன்கள் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டி, "பாத்தீங்களாடா, உங்களை என்ன நெனச்சிருக்காங்கன்னு!" என்று காட்டி வெறியேற்றலாம். முதலிடத்தை ஒட்டினால் யாருக்கு வெறி ஏறும்? ஆகவே எல்லோரும் மேடையேறித் தத்தம் பையன்களைப் பழிப்பார்கள். இதற்கு "அடக்கம்" என்று பெயர்.

நிற்க. இந்த ஆண்டு ஒரே ஒருவருக்கு மட்டும் அந்த அடக்கம் கட்டுப்படியாகவில்லை. அவர் கெஸ்லர் கல்லூரியின் தற்காப்புப் பயிற்சியாளர் மெர்ல் டோஸ்ட்ருட்.

காரணம், கெஸ்லர் கல்லூரித் தலைவி டாக்டர் ஃபிலிப்பா கிராண்டன். அந்த அம்மையார் வசந்தகாலத்தில் சிகாகோ போய் "தரவு வழி நிர்வாகம்" பற்றிய கருத்தரங்கு ஒன்றில் உட்கார்ந்து, கழுத்தில் மாட்டிய அட்டையோடு திரும்பி வந்திருந்தார். வந்த கையோடு மெர்லைக் கூப்பிட்டார்.

"ஆட்டமெல்லாம் முடிஞ்ச பிறகு பயிற்சியாளரை எடைபோடுறது பழைய முறை, மெர்ல். அதுக்குள்ள ஒரு வருஷமே போயிடுது. ஜூலை வரிசையில முதல் நாலு இடத்துக்குள்ள வந்தீங்கன்னா ஒப்பந்தம் நீடிக்கும்."

"வரலேன்னா, மேடம்?"

"வரலேன்னா, நீங்க தோக்கப்போறீங்கன்னு அர்த்தம். தோத்த பிறகு உங்களை அனுப்பினா உங்க மனசு கஷ்டப்படும். முன்னாடியே அனுப்பிடுறது ஒரு மரியாதை."

மெர்ல் வீட்டுக்கு வந்து மனைவி டோரீனிடம் சொன்னார். டோரீன் பின்கட்டில் ஆஸ்பராகஸ் பாத்திக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளரின் மனைவி என்றால் பெட்டி கட்டத் தெரிந்தவள் என்று பொருள். ஆறு ஊர் மாறியாகிவிட்டது. ஆஸ்பராகஸை நட்டால் மூன்றாம் வசந்தத்தில்தான் வெட்டலாம். முந்தைய ஐந்து ஊர்களிலும் அவள் நட்டதை வேறு யாரோ வெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தா பாரு மெர்ல்," என்றாள் அவள், நிமிராமலேயே. "வர்ற வசந்தத்துல நான் இங்கதான் இருப்பேன். நீ எங்க இருப்பேங்கறது உன் இஷ்டம்."

ஆக, மெர்லுக்கு வேண்டியது நான்காம் இடம். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்படவில்லை.

விடுதிக் கூட்டத்தில் முதலில் பேசியவர் தார்ன்பரி கல்லூரியின் ஹப் ராஸ்மிக். மெர்லின் நெடுநாள் நண்பர், நெடுநாள் எதிரியும்கூட. "எங்க பசங்களா?" என்று அவர் பெருமூச்சு விட்டார். "வழியில நாய் படுத்திருந்தா மன்னிப்புக் கேட்டுட்டு சுத்திப் போற பசங்க. எங்களைத் தயவுசெஞ்சு எட்டாவதா போடுங்க." கைதட்டல். அடுத்தவர் தம் பையன்களுக்கு இடது வலது தெரியாது என்றார். அதற்கடுத்தவர் தம் பையன்களைத் தமக்கே அடையாளம் தெரியாது என்றார்.

மெர்ல் ஒலிபெருக்கி முன் நின்றார். "எங்க தற்காப்பு நல்லா இருக்கு," என்றார்.

யாரோ ஒருவர் கையிலிருந்த பன்றிக்கறி சாண்ட்விச் தட்டில் விழுந்தது.

"மெர்லுக்கு உடம்பு சரியில்ல போல," என்று ஹப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கிசுகிசுத்தார்.

பிறகு கூட்டமைப்பின் முன்கணிப்பு இயக்குநர் லானி கெப்பல் எழுந்தார். இதற்கு முன்பெல்லாம் லானி பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, யார் நன்றாக விருந்து வைத்தார்களோ அவர்களை அவர்கள் கேட்ட இடத்தில் போடுவது வழக்கம். அது அறிவியலுக்கு முந்திய காலம். இப்போது ஒரு கணினி வந்துவிட்டது.

"இந்த வருஷ வரிசையில மனுஷ மூளை ஒரு சொட்டுகூடக் கலக்கல," என்று பெருமிதத்தோடு அறிவித்தார் லானி. "போன வருஷம் யார் எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தாங்க, அவ்வளவுதான் கணக்கு."

கடைசியிலிருந்து வாசித்தார். எட்டு, ஏழு, ஆறு. மெர்ல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "ஐந்தாவது, கெஸ்லர்." பிடித்த மூச்சு அப்படியே நின்றது. நான்கு, மூன்று. இரண்டாவது தார்ன்பரி, ஹப் தலையில் அடித்துக்கொண்டார். "முதலிடம், போன வருஷம் முழுக்க ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காத மகத்தான தற்காப்பு... பிளம் க்ரீக் கல்லூரி!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மெர்ல் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஹப், பிளம் க்ரீக்ல ஃபுட்பாலே கெடையாதே. ரெண்டு வருஷம் முந்தியே அணியைக் கலைச்சுட்டாங்களே!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கைதட்டுறே?"

"ஏம்ப்பா, அவங்களைத் தூக்கினா நான் முதலிடம். என் பொழப்பு என்ன ஆகும்? கைதட்டு, பேசாம."

அவர்களைத் தூக்கினால் தனக்கு நான்காம் இடம் என்பது மெர்லுக்கும் அப்போதுதான் உறைத்தது. லானியைத் தேடி ஓடினார்.

"லானி, பிளம் க்ரீக்குக்கு அணியே இல்ல."

"பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கிற பெண்கள் பௌலிங் அணி இருக்கு, கோச். கூட்டமைப்புல உறுப்பினரா இருக்காங்க. உறுப்பினர்னா கணினியில இருப்பாங்க."

"ஃபுட்பால் ஆடலியேய்யா!"

"புள்ளி விட்டுக்கொடுத்தாங்களா?"

"ஆடினாத்தானே விட்டுக்கொடுக்க!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க கோச். விட்டாங்களா, இல்லையா?"

"இல்ல."

"அதைத்தான் கணினியும் சொல்லுது. ஆடாமலே ஒருத்தர் இப்படித் தடுக்க முடியுதுன்னா, ஆடியும் தடுக்க முடியாதவங்க கொஞ்சம் யோசிக்கணும்." லானி குரலைத் தாழ்த்தி ஆறுதலாகச் சொன்னார். "ஆட்சேபணை இருந்தா விதிப்படி கொண்டு வாங்க. சம்பந்தப்பட்ட அணியோட தற்காப்புப் பயிற்சியாளர் கையெழுத்து வேணும்."

"அணியே இல்லேங்கறேன், பயிற்சியாளருக்கு எங்கே போவேன்?"

"அப்போ ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கறேன்."

மறுநாள் காலை மெர்ல் சோளக்காடுகளைத் தாண்டிப் பக்கத்து மாவட்டத்துக்கு வண்டியை விட்டார். பிளம் க்ரீக்கின் பழைய மைதானத்தில் சூரிய மின்தகடுகள் வரிசையாக நின்றன. புல் வளராமல் இருக்க அவற்றின் அடியில் செம்மறிகள் மேய்ந்தன. விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் ட்வைலா ஆஃபர்டால், "கூட்டமைப்பின் நம்பர் 1 தற்காப்பு" என்று அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு எதிர்கொண்டார்.

"ட்வைலா, உங்களுக்கு அணி இல்லேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. என் வேலை நிக்கும்."

"நல்லா இருக்கே கதை!" என்றார் ட்வைலா. "முப்பது வருஷம் நாங்க ஒழுங்கா ஆடித் தோத்தோம், மெர்ல். ஒரு நாய் எட்டிப் பாக்கல. இப்ப காலையிலிருந்து போன் ஓயல. பழைய மாணவருங்க அழுவுறாங்க. டெக்சாஸ்லருந்து ஒரு பையன், இங்க சேந்து தற்காப்பு ஆடணும்கறான்."

"என்ன சொன்னீங்க?"

"இடம் காலியில்லேன்னேன். நெஜம்தானே? தகடு நிக்குது."

மெர்ல் செம்மறிகளைப் பார்த்தபடி நின்றார். அவற்றில் ஒன்று தகட்டின் காலில் முட்டிவிட்டுப் பின்வாங்கியது. பயிற்சியாளர் புத்தி, அதன் தோள் தாழ்வாக, சரியான கோணத்தில் இருந்ததை அவரால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

கெஸ்லருக்குத் திரும்பி, டாக்டர் கிராண்டனிடம் உண்மையைச் சொன்னார். அம்மையார் முழுதும் பொறுமையாகக் கேட்டார். கருத்தரங்கில் அதற்கும் ஒரு வகுப்பு இருந்தது.

"அணி இல்லேங்கறது அவங்க எடுத்த முடிவு, மெர்ல். அந்த முடிவுக்குப் பலன் கிடைச்சிருக்கு. அவங்க ஜெயிச்சதுக்கு நீங்க காரணம் சொல்றீங்க. நீங்க அஞ்சாவது வந்ததுக்கு என்ன காரணம்?"

"மேடம், என் பசங்களை ஒரு தடவை வந்து பாருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"பாத்தா சார்பு வந்துடும்."

மெர்லின் வேலை போயிற்று. மரியாதையோடு, முன்னதாகவே.

ஆனால் கூட்டமைப்பு விதியின் மேன்மை இங்கேதான் விளங்குகிறது. ஜூலை வரிசையில் முதலிடம் பெற்ற அணியின் தற்காப்புப் பயிற்சியாளர் நவம்பர் விருந்தில் வந்து கேடயம் வாங்க வேண்டும் என்று விதி. பிளம் க்ரீக்கில் அப்படி ஒருவர் இல்லை. ட்வைலா விளம்பரம் கொடுத்தார். அனுபவமுள்ளவர், பக்கத்து ஊர்க்காரர், வேலையில்லாதவர் என்று பார்த்ததில் ஒரே ஒருவர்தான் தேறினார்.

"போறியா?" என்று கேட்டாள் டோரீன்.

"ஆளே இல்லாத அணிக்கு நான் என்ன சொல்லிக் குடுக்கறது?"

"வீடு மாறணுமா?"

"வேண்டாம்."

"அப்ப போ."

அந்தப் பருவம் முழுக்க மெர்ல் சனிக்கிழமைதோறும் கழுத்தில் விசிலோடு மின்தகடுகளின் ஓரத்தில் நின்றார். நிருபர்கள் வந்தார்கள். "இந்த வாரம் எப்படி, கோச்?" "யாருக்கும் அடி இல்லை," என்பார். "அடுத்த வாரம்?" "ஒரு நேரத்துல ஒரு ஆட்டம்னு யோசிக்கறோம்." எழுதிக்கொண்டு போவார்கள். அவர்கள் போனதும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, வானொலியில் கெஸ்லர் ஆட்டத்தைக் கேட்பார். அவர் சொல்லிக்கொடுத்த பையன்கள் ஓடுகிறவனைக் கணுக்காலில் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மழையிலும் போட்டார்கள். அவர் வண்டிக்குள் தனியாக, "தோளு, தோளு, தலையை நிமித்து!" என்று கத்துவார். செம்மறிகள் திரும்பிப் பார்க்கும்.

நவம்பர் இறுதியில் விருந்து. லானி கெப்பல் நாத் தழுதழுக்கப் பேசினார்.

"எட்டுக் கல்லூரிக்கும் கணிச்சோம். ஏழுல தப்பாயிடுச்சு. ரெண்டாவதா வரும்னு சொன்ன தார்ன்பரி கடைசியில கெடக்கு. அஞ்சாவதுன்னு சொன்ன கெஸ்லர், ஆடினவங்கள்லயே குறைவா புள்ளி விட்டிருக்கு. ஆனா பிளம் க்ரீக்! பூஜ்யம்னு சொன்னோம், பூஜ்யம்! ஒரு புள்ளி பிசகல. இதுலருந்து நாங்க கத்துக்கிட்டது என்னன்னா, கணினியில கோளாறு இல்ல. ஆடுற கல்லூரிகளாலதான் பிழை வருது."

மண்டபம் ஆமோதித்தது. மெர்ல் கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கும்போது, தலைமை மேசையிலிருந்த டாக்டர் கிராண்டன் கண்கள் பளபளக்க எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெர்ல், கெஸ்லருக்குத் திரும்பி வந்துடுங்க. அடுத்த வருஷம் நாங்களும் அணியைக் கலைக்கறோம். இந்தத் துறையில உங்களைவிட அனுபவசாலி யாரும் இல்ல."

"பசங்க, மேடம்? இந்த வருஷம் அவங்கதான் எல்லாரையும் தடுத்தாங்க."

"அவங்களைப் பத்திக் கணிப்புல ஒண்ணும் வரலியே."

மெர்ல் கேடயத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. அப்ப நான் பண்ணின தப்புதான் என்ன?"

டாக்டர் கிராண்டன் தலைமை மேசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே லானியும் மற்ற ஏழு கல்லூரித் தலைவர்களும் இனிப்புக்காகக் காத்திருந்தார்கள்.

"மைதானத்துல இறங்கினீங்க, மெர்ல்," என்றார் அவர், மிகுந்த பரிவோடு. "அதோ அந்த மேசையில இருக்கற நாங்க யாராவது ஒருத்தர், என்னிக்காவது, அந்தத் தப்பைப் பண்ணியிருக்கோமா?"