விசை அழுத்துநர், தரம் மூன்று

எங்கள் லெவுகாத் துறைமுக ஊரின் சிறுபடகுச் சான்றிதழ் அலுவலகத்துக்குப் புதிதாக ஆறு லேப்டாப்புகள் வந்தன. புதிதாக வரும் எதற்கும் மாலை போடுவது எங்கள் வழக்கம். போட்டோம். ஆறையும் ஒரே நேரத்தில் திறந்தோம். ஆறும் ஒரே இடத்தில் நின்றன.

திரையில் ஒரு கோடு பாதி ஓடி நின்றிருந்தது. புது வரவாயிற்றே என்று ஒரு மணி நேரம் மரியாதையாகக் காத்திருந்தோம். பிறகு நான் ஒரு துணியை எடுத்துத் தூசி துடைத்தேன். துணி விசைகளின் மேல் பட்டதும் கோடு கொஞ்சம் நகர்ந்தது. துடைப்பதை நிறுத்தினேன். கோடும் நின்றது.

கணினி பழுது பார்க்கும் ரோனிலைத் தலைநகர் சுவாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். அவன் அரை மணி நேரம் பார்த்துவிட்டு எங்கள் தலைவர் அபிசலோமே அவர்களின் முன் நின்றான்.

"சின்ன விஷயந்தான் சார். உள்ள ஒரு பாகம் வேலைய முடிச்சதும் கெர்னலோட கதவத் தட்டணும். கெர்னல்னா இந்தப் பெட்டிக்குள்ள எல்லாரையும் மேய்க்கிற பெரியவர். தட்டுற சத்தத்தக் கொண்டுபோய்ச் சேக்க ஒரு சிப் இருக்கு. இதுல அந்தச் சிப் சரியில்ல, சத்தம் போய்ச் சேரல. பெரியவர் அப்படியே உக்காந்துடறாரு. நீங்க ஒரு விசைய அழுத்தினா திடுக்குன்னு முழிச்சு, வாசல்ல நிக்கிற மத்தவங்களையும் கவனிச்சுடறாரு."

"அதாவது, யாராச்சும் வந்து தொந்தரவு பண்ற வரைக்கும் வேலை நடக்காது."

"ஆமா சார்."

"இதுல கோளாறு எங்கப்பா இருக்கு?"

ரோனில் திரையைக் காட்டினான். "பெட்டி முழிக்கிறப்ப படிக்கிற தொடக்க வரியில ஒரே ஒரு சொல் சேத்தாப் போதும் சார். அந்தச் சிப்ப அணைச்சுட்டு, பழைய வழியில தட்டிக்கும்."

"அரசாங்கம் வாங்கின சிப்ப அணைக்கிறதா? அணைச்சா அது பயன்படாத சொத்து. பயன்படாத சொத்துன்னா சுவாவுக்கு அறிக்கை போகணும். இத யாரு வாங்கினதுன்னு கேப்பாங்க."

வாங்கியது அவர்தான்.

மறுவாரமே ஆணை வந்தது. 'மேற்படி இயந்திரங்களின் இயற்கையான தன்மையைக் கருத்திற்கொண்டு, விசை அழுத்துநர், தரம் மூன்று என்னும் பதவி இதனால் தோற்றுவிக்கப்படுகிறது.' தகுதி, நல்ல நிலையில் ஒரு விரல். முன்னனுபவம், மூன்று ஆண்டு. ஆறு பேர் சேர்ந்தார்கள். மூன்று நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் விரலைப் பற்றி, இரண்டாம் நாள் விசையைப் பற்றி, மூன்றாம் நாள் இரண்டும் சந்திப்பதைப் பற்றி.

மற்ற எந்த விசையை அழுத்தினாலும் திரையில் எழுத்து விழுந்ததால், எழுத்து விழாத ஷிஃப்ட் விசையைத் தேர்ந்தெடுத்து, விடாமல் அழுத்தினார்கள். அதனால் சான்றிதழில் பெயர்களெல்லாம் பெரிய ஆங்கில எழுத்தில் வந்தன. மக்கள் மகிழ்ந்தார்கள். படகின் எண் வரவேண்டிய இடத்தில் ஆச்சரியக்குறியும் டாலர் குறியும் வந்தன. அதைப் புதிய எண்முறை என்று துறை அறிவித்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் மொத்துரிகித் தீவிலிருந்து தோரிகா அக்கா வந்தாள். பள்ளி விடுதிப் பிள்ளைகளை வெள்ளிதோறும் தீவுக்கு ஏற்றிப் போவது அவள் படகு. சான்றிதழ் அன்றோடு முடிகிறது. நாலரை மணிக்குப் பிள்ளைகள் படகுத்துறையில் நிற்பார்கள். தாள் இல்லாவிட்டால் படகை அவிழ்க்கப் போலீஸ் விடாது. அந்த வேலை வேறு படகுக்குப் போய்விடும். அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

மூன்று மணிக்கு அவள் சான்றிதழ் அச்சாகத் தொடங்கியது. மூன்று ஐந்துக்கு யங்கோனா வேரைக் கரைத்த பானம் சட்டியில் வந்தது. வெள்ளிக்கிழமை அல்லவா. அந்த லேப்டாப்பின் விசை அழுத்துநர் வைசேயாவிடம் சிரட்டையை நீட்டினார்கள். நீட்டிய சிரட்டையைக் கைதட்டித்தான் வாங்க வேண்டும். குடித்துவிட்டு மூன்று முறை தட்ட வேண்டும். ஒற்றைக் கையால் தட்ட முடியாது. வைசேயா விரலை எடுத்தான். தாள் பாதியில் நின்றது.

"தம்பி, அந்த விசையக் கொஞ்சம் அழுத்தேன்!"

"இரு அக்கா, தலைவர் பேரச் சொல்லிக் குடிக்கிறாங்க. நடுவுல எழுந்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப நானே அழுத்திக்கிறேன்."

"ஐயையோ, பொதுமக்கள் தொடக்கூடாது. மூணு நாள் பயிற்சி எடுக்கணும்."

"எதுக்குடா, விரல் வெக்கவா?"

"விரல எடுக்கறதுக்கும் சேத்துத்தான்."

சட்டி இரண்டாம் சுற்று வந்தது. மணி நாலு. தோரிகா அக்கா தன் கூடையைப் பார்த்தாள். உறவுக்காரருக்குக் கொடுக்கத் தீவிலிருந்து கொண்டுவந்த, சேம்பு இனத்துத் தாலோக் கிழங்கு அதில் இருந்தது. ஆள் தலை அளவில் ஒன்றை எடுத்து, மண்ணைத் தட்டி, ஷிஃப்ட் விசையின் மேல் வைத்தாள். தாள் கடகடவென்று வெளியே வந்தது.

கைதட்டல் நின்றுபோயிற்று. தலைவர் எழுந்து வந்தார்.

"இந்தக் கிழங்குக்கு நியமன ஆணை இருக்கா?"

"இல்லீங்க."

"பின்ன எந்த அதிகாரத்துல அழுத்துது?"

"அதிகாரம் என்னங்க, கனத்துல அழுத்துது."

தலைவர் குனிந்து கிழங்கைப் பார்த்தார். அது அழுத்திக்கொண்டே இருந்தது. தேநீர் கேட்கவில்லை. தோரிகா அக்கா தாளைப் பிடுங்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். பிள்ளைகள் அன்று வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. 'விண்ணப்பத்துடன் இரண்டு கிலோவுக்குக் குறையாத தாலோக் கிழங்கு ஒன்று இணைக்கப்பட வேண்டும். பணி முடித்த கிழங்குகள் அலுவலர் இல்லங்களில் பாதுகாக்கப்படும்.' வைசேயா கிழங்கு மேற்பார்வையாளராக உயர்ந்தான். எங்கள் வீடுகளில் ஞாயிறுதோறும் தேங்காய்ப்பாலில் அவற்றைப் பாதுகாத்தோம்.

ரோனிலுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது, நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஆறு லேப்டாப்பிலும் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டான். ஆறும் யாரும் தொடாமலே ஓடின. முதலில் தோரிகா அக்காவிடம் சொல்லத்தான் வாசலுக்கு ஓடினான். அவள் படகு நிறையக் கிழங்கு இறக்கி, இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று பிரித்து அடுக்கி விற்றுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே கிழங்கே வேணாம்! சரி பண்ணிட்டேன்!"

"மெதுவாப் பேசுடா பாவி. உனக்குப் புண்ணியமாப் போகும், யாருகிட்டயும் சொல்லிடாத."

"பிள்ளைங்கள யாரு ஏத்திட்டுப் போறா?"

"யாரோ போறாங்க. கிழங்கு வாந்தி எடுக்காதுடா."

அவன் எங்களிடம் வந்து சொன்னான். நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

போன வாரம் ஒரு பெரியவர் கிழங்கில்லாமல் விண்ணப்பத்தோடு மட்டும் என் மேசைக்கு வந்தார். விவரங்களை லேப்டாப்பில் ஏற்றினேன். "மிஷின் சரியாயிடுச்சாமே தம்பி?" என்றார். பதில் சொல்லும் சிரமம் எனக்கு வரவில்லை. வரிசையில் நின்றவர்களே, ஆளுக்கொரு கிழங்கை மார்போடு அணைத்தபடி, "நாங்கல்லாம் தூக்கிட்டு வரல? உங்களுக்கு மட்டும் என்ன தனி வழி?" என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். லேப்டாப் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய சான்றிதழ் அச்சாகி வெளியே வந்து கிடந்தது. அதை எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டு, விண்ணப்பத்தில் 'கிழங்கு இணைக்கப்படவில்லை' என்று முத்திரை குத்தி அவரிடம் நீட்டினேன்.